கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பள்ளி செல்லாத, இடைநின்ற குழந்தைகளைத் தேடி ஒவ்வொரு வருடமும் வெயிலில் தெருத்தெருவாக அலைகிறீர்கள். செங்கல் சூளை, கட்டட வேலை நடக்கும் இடம், பேருந்து நிலையம் எல்லாம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக் கதவையும் தட்டுகிறீர்கள். திருச்சியில் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. மகள் மூன்றாம் வகுப்புவரை பள்ளிக்குப் போனாள், மகன் போனதே இல்லை. இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள்.

இதுவரை எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் இருவரை மறக்க முடியவில்லை. ஒருவர் வாசலிலேயே நின்று மகளிடம் 13ஆம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னார். அவள் 39வரை சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. இன்னொருவர் வீட்டில் இருந்த புத்தக அலமாரியைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க, பார்த்துக்குவீங்க" என்று சிரித்துவிட்டு இரண்டே நிமிடத்தில் கிளம்பிவிட்டார். முதலாமவர்மேல் அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் யோசிக்க யோசிக்க, இரண்டாமவர் கிளம்பிப் போனதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஏன் என்று சொல்கிறேன். "வீட்டிலேயே படிக்கிறா" என்று நான் சொல்வதை இன்னொரு வீட்டிலும் சொல்லலாம். வயதுக்கு வந்ததும் நிறுத்தப்பட்ட பெண், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட அக்கா, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்ட வீடு, பட்டறைக்குப் போகும் பையன் என்று எல்லா வாசலிலும் அதே பதில் வரலாம். வாசலில் நின்று கேட்கிற உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. புத்தக அலமாரியும் பட்டப்படிப்பும் என் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்பதற்குச் சாட்சி ஆகாது. அதனால் தயவுசெய்து எங்களைக் கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள். வாய்ப்பாட்டைப் பிள்ளையிடம் கேட்க வேண்டாம். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

முதலில், நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். "தினமும் பாடம் நடத்துறோம்" என்று யாரும் சொல்லிவிடலாம், நேற்றைய நாளை அப்படி ஒரே வரியில் சொல்ல முடியாது. எங்கள் நேற்று இது: காலையில் மகள் மின்மீட்டர் எண்ணைக் குறித்தாள். மூன்று மாதமாக அவளுக்கு அதுதான் கணக்குப் பாடம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாகக் கட்டணம் ஏறுகிறது. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால், அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை மாறிவிடுகிறது. 501ஆவது யூனிட் ஒன்றுக்காக எவ்வளவு கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று அவளே போட்டுப் பார்த்த நாளிலிருந்து, ஆள் இல்லாத அறையில் மின்விசிறி ஓடுவதில்லை. மகன் இட்லிக்கு ஊறவைக்க நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து அளந்தான். ஆறு டம்ளர் அரிசி என்றால் உளுந்து எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றரை என்பதற்கு அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. 11 மணிக்குத் தமிழ் எழுத உட்கார்ந்தோம். ற, ர தகராறில் நோட்டு பறந்தது, நானும் கத்தினேன். அதற்குப் பிறகு மதியம்வரை பாடமே நடக்கவில்லை. இப்படி நாறிப்போன நேரத்தையும் மறைக்காமல் சொல்லும் வீட்டை நம்புங்கள் என்பேன்.

அடுத்து, வீட்டு வேலையை யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு என் வீட்டிலேயே நடந்தது. சமையலும் துணி மடிப்பதும் கடைக்குப் போவதும் வாழ்க்கைக் கல்விதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். நாலு நாள் பார்த்துவிட்டு, "ஏம்மா, வாழ்க்கைக் கல்வி பேத்திக்கு மட்டும்தானா, பேரனுக்குக் கிடையாதா?" என்றார். சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்கக் குறித்து வைத்தேன். பால் காய்ச்சியது, தம்பியைக் குளிக்கவைத்தது, துணி எடுத்தது, காய் நறுக்கியது, அழைப்பு மணிக்குப் போய்க் கதவைத் திறந்தது எல்லாம் அவள்தான். அந்த நேரத்திலெல்லாம் அவன் விளையாடிக்கொண்டிருந்தான். நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. பகல் முழுவதும் ஒரு பெண் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், கூப்பிடும் பெயர் அவள் பெயராகவே ஆகிவிடுகிறது. பள்ளிக்குப் போயிருந்தால் அந்த ஆறு ஏழு மணி நேரமாவது அவளுக்குச் சொந்தமாக இருந்திருக்கும். இப்போது வேலைகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். என் கணவர் காலைச் சமையலை எடுத்துக்கொண்டார். மகன் தன் தட்டையும் எல்லார் டம்ளர்களையும் கழுவுகிறான். காலை 10 முதல் 1 மணிவரை மகளை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது. கதவைத் திறப்பதற்கும்தான். நீங்கள் அந்த நேரத்தில் வந்தால் நான்தான் வந்து திறப்பேன்.

பிள்ளையின் உடல்நலத்தையும் கேளுங்கள். பள்ளிக்கூடம் சத்தமில்லாமல் செய்கிற எத்தனையோ வேலைகள், அதை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தன. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாட்கள். பள்ளியில் வரிசையில் நிறுத்தி மாத்திரை கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு அங்கன்வாடியில் தருவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ், டிப்தீரியா ஊசியும் அப்படித்தான், மகளுக்கு ஒன்றரை வருடம் தாமதமாகிவிட்டது. எல்லாவற்றையும்விட என்னை அழவைத்தது அவளுடைய கண். புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படிப்பதை வெறும் பழக்கம் என்று நினைத்துவிட்டேன். கரும்பலகை இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே ஓர் ஆசிரியர் கவனித்திருப்பார்.

படிப்பைத் தாண்டி, இந்தப் பிள்ளை எங்களைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் போவாள் என்றும் கேளுங்கள். பள்ளியில் ஒரு பிள்ளை கையில் காயத்தோடு வந்தாலோ, இரண்டு நாள் பேசாமல் இருந்தாலோ, பார்ப்பதற்கு நீங்கள் இருக்கிறீர்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பார்ப்பவர்கள் அவளைப் பெற்றவர்கள் மட்டுமே, தப்பு செய்யக்கூடியவர்களும் அவர்கள்தான். எங்கள் மகள், தனக்குச் சிலம்பம் கற்றுத்தரும் அக்காவிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். நூலகத்தில் இருக்கும் அம்மாவிடமும் பேசுவாள். என்ன பேசினாள் என்று நான் துருவுவதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டியிருக்கிறது, எதற்கு என்று இருவருக்கும் தெரியும்.

சட்டம், காகிதம் பற்றியும் நீங்கள் கேட்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை, வீட்டுவழிக் கல்வி என்று தனியாக ஒன்றும் இல்லை. நாங்கள் அந்த இடைவெளியில் வாழ்கிறோம் என்பதை ஒளிக்க மாட்டேன். பன்னிரண்டரை வயது முடிந்ததும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம், மகள் அதற்குத் தயாராகிறாள். 14 முடிந்த பிறகு தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு, தமிழ்வழியும் உண்டு. தேர்வு பற்றி எந்த யோசனையும் இல்லாமல் "சும்மா இருக்கட்டும், தானா கத்துக்கும்" என்று 13 வயதுப் பிள்ளையைப் பற்றி ஒரு வீட்டில் சொன்னால், அங்கே திரும்பவும் போங்கள்.

உங்களிடம் எனக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது. டி.சி. வாங்கியதிலிருந்து, எமிஸ் என்கிற மாணவர் இணையப் பதிவேட்டில் என் மகளின் பெயர் எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களுக்கான காமன் பூலில் கிடக்கிறது. இடைநின்றவள் என்று படிவத்தில் எழுதினால் எனக்கு வலிக்கும், ஆனால் தாங்கிக்கொள்வேன். அதை எழுதிவிட்டு அப்படியே போய்விடாதீர்கள். நாளைக்கே எனக்கு உடம்பு முடியாமல் போகலாம், வருமானம் நின்று நானும் வேலைக்குப் போக வேண்டி வரலாம், பிள்ளைகளே பள்ளிக்குப் போகிறோம் என்று கேட்கலாம். அப்படி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைப் பிடிக்கப் பயிற்சியும் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பக்கத்தில் எந்த அரசுப் பள்ளி, யாரைப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பேன்.

அடுத்த முறை வரும்போது மதியம் இரண்டரைக்கு மேல் வாருங்கள், கால் மணி நேரம் கையில் இருக்கட்டும். என்னிடம் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டு முடித்ததும் என்னை உள்ளே போகச் சொல்லுங்கள். அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து அவளோடு தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். கூப்பிடும்வரை நான் அடுப்படியில் இருப்பேன்.

இப்படிக்கு,
வீட்டில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் அம்மா
திருச்சிராப்பள்ளி