கழுத்து ரத்தக்குழாயையும் கொஞ்சம் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் பற்றி எழுதும்போதெல்லாம் பி.பி., சுகர் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற, கழுத்தின் இரு பக்கமும் இருக்கிற கரோடிட் தமனிகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதில் கொழுப்பு படிந்து குழாய் சுருங்கி, அந்தப் படிவிலிருந்து ஒரு துணுக்கோ ரத்தக்கட்டியோ பிய்ந்து மேலே போய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம்தான். அதுவரை வலி எதுவும் இருக்காது.

சிலருக்கு முன்கூட்டியே அறிகுறி வரும். ஒரு கண்ணில் மட்டும் திரை இறங்கினாற்போல் பார்வை மறைந்து சில நிமிடங்களில் திரும்பும், அல்லது ஒரு பக்கக் கை மரத்துப் போகும், பேச்சு குழறும், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும். நாமும் பித்தம், அசதி என்று ஒரு சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் இது, ஏனென்றால் அடுத்த சில நாட்களில்தான் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து அதிகம். இப்படி அறிகுறி வந்து, அடைப்பு 70 முதல் 99 சதவீதம் இருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது என்று 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வே காட்டிவிட்டது. அதையும் இரண்டு வாரத்துக்குள் செய்வதுதான் நல்லது.

அதற்காக எல்லோரும் கழுத்து ஸ்கேன் எடுங்கள் என்று சொல்ல வரவில்லை. 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் இதையும் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அறிகுறியே இல்லாத பொதுமக்களுக்கு இது வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்த்தடுப்பு வல்லுநர் குழு 2021இலும் சொன்னது.

அடுத்த முறை பக்கவாதக் கட்டுரை போடும்போது அந்தக் கண் அறிகுறியைக் கட்டம் கட்டிப் போடுங்கள், பக்கத்திலேயே 108 எண்ணையும்.

- ஒரு வாசகர், திருச்சி