மிஞ்சிய ஸ்க்ரூ: மோல்மீனில் இருக்கும் மருமகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ போன் பண்ணியபோது இங்கே கரண்ட் போயிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் கடையைச் சாத்திக்கொண்டிருந்தேன். "மாமா, ஒரு நோக்கியா செட்டைக் கழற்றி மாட்டிட்டேன், நல்லா வேலை செய்யுது. ஆனா ஒரு ஸ்க்ரூ மிஞ்சிடுச்சு. அப்படியே கொடுத்துடட்டுமா?" என்று கேட்டாய். கொடுக்காதே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். லைனும் சரியாக இல்லை. காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இங்கே பர்மாவில் பெகுவிலும் தட்டோனிலும் உன்னைப் போலவே புதிதாக செல்போன் ரிப்பேருக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்கள் இதே கேள்வியை வேறு வேறு விதமாக என்னிடம் கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். நீ வருத்தப்பட மாட்டாய் என்று தெரியும். நீ கேட்டாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். கேட்காமல் அந்த ஸ்க்ரூவை டப்பாவில் போட்டுவிட்டு அடுத்த செட்டை எடுப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மூடி விழாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஸ்க்ரூ என்று நீ நினைத்திருப்பாய். அந்தக் காலத்து பட்டன் செட்டுகளில் ஸ்பீக்கர், மைக் இரண்டையும் பல மாடல்களில் ஈயம் வைத்து ஒட்டியிருக்க மாட்டார்கள். சின்னச் சின்ன ஸ்ப்ரிங் கால்கள் போர்டில் உள்ள தங்கப் பொட்டின் மேல் அழுந்தி நிற்கும், அவ்வளவுதான். ஆன்டெனாவும் பின்பக்க பிளாஸ்டிக்கோடு இருந்துகொண்டு அதே மாதிரி போர்டைத் தொட்டு நிற்கும். அந்த அழுத்தத்தைக் கொடுப்பது ஸ்க்ரூ. ஒரு மூலையில் ஸ்க்ரூ இல்லாவிட்டால் இன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். பத்து நாள் பையில் கிடந்து ஆடிய பிறகு, எதிரில் பேசுபவருக்கு செட் வைத்திருப்பவர் குரல் விட்டு விட்டுக் கேட்கும். இல்லையென்றால் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. அப்போது உன்னிடம் செட்டைக் கொடுத்த அந்த அம்மா வேறொரு கடைக்குப் போவார். அங்கே இருப்பவன் மைக் போய்விட்டது என்று புது மைக் போடுவான். அப்புறமும் சரியாகாது. செட் செத்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவான். நல்ல செட் ஒன்று குப்பைக்குப் போகும், உன் மேசையில் மிஞ்சிய ஒரு ஸ்க்ரூவால்.

டச் போன்களில் இது இன்னும் மோசம். ஐபோன் 5, 6 வரிசைகளில் டிஸ்ப்ளேயின் ஸ்ட்ரிப்பை, அதாவது போர்டுக்குப் போகும் தட்டையான கேபிளை, மூடும் சின்னத் தகடு ஒன்று இருக்கும். அதில் 1.2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவும் 1.7 மில்லிமீட்டர் ஸ்க்ரூவும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. நீளமானதைக் குட்டையானதன் ஓட்டையில் போட்டு முறுக்கினால், நுனி கீழே இறங்கி போர்டுக்குள் ஓடும் லைன்களை அறுத்துவிடும். போர்டு பல அடுக்குகளாக இருப்பதால் உள்ளே அறுந்தது வெளியே தெரியாது. வெறும் டிஸ்ப்ளே மாற்ற வந்த போன், படம் வராத போனாகத் திரும்பிப் போகும். மைக்ராஸ்கோப் வைத்து, அறுந்த லைனுக்குப் பதிலாக மெல்லிய கம்பியால் ஜம்பர் இழுத்துப் பிழைக்க வைப்பவர்கள் ரங்கூனிலேயே சிலர்தான்.

அதனால் கழற்றும்போதே மூடுவதைப் பற்றி யோசி. என்னிடம் பாட்டியின் பல்லாங்குழிப் பலகை இருக்கிறது, நீயும் சின்ன வயதில் அதில் புளியங்கொட்டை போட்டு ஆடியிருக்கிறாய். பதினாலு குழி. முதலில் கழற்றிய ஸ்க்ரூக்கள் முதல் குழியில், அடுத்த அடுக்கு இரண்டாவது குழியில் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டே போவேன். மூடும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வருவேன். குழி காலியானால்தான் அந்த அடுக்கு முடிந்தது என்று கணக்கு. ஒரே அடுக்கில் அளவு மாறும் ஸ்க்ரூ இருந்தால் பலகை போதாது. ஒரு அட்டையில் போனின் உருவத்தை வரைந்து, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை அதன் மேல் ஒட்டி, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே குத்தி வை. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள். உனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று அக்கா சொல்வாள். பாதி வேலையில் வாடிக்கையாளர் ஒருவர் வந்து பத்து நிமிஷம் பேசினால் எந்த ஞாபகமும் நிற்காது.

எனக்கு இந்தப் பொறுமை சும்மா வரவில்லை. ஐபோன் 5எஸ் புதிதாகக் கைக்கு வர ஆரம்பித்த காலத்தில், பழைய 5 மாதிரிதான் இருக்கும் என்று டிஸ்ப்ளேயைச் சட்டென்று தூக்கிவிட்டேன். கைரேகை பட்டனின் ஸ்ட்ரிப் கீழே போர்டோடு மாட்டியிருந்தது. கிழிந்துவிட்டது. அந்தப் பட்டன் அந்த போர்டோடு மட்டும்தான் பேசும், வேறு பட்டன் போட்டால் அழுத்த வேலை செய்யும், கைரேகை வராது. போனுக்குச் சொந்தக்காரர் எங்கள் தெருக்காரர், ஒரு வார்த்தை திட்டவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. கூலி வாங்காமல், என் தவறுதான் என்று சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தெரியாத மாடல் எதையும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் முதலில் திறப்பதில்லை. டார்ச் அடித்து உள்ளே என்ன எங்கே ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே தூக்குவேன்.

சிம்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட் கைக்கு வந்ததும் முதல் வேலையாக சிம்மை எடுத்து வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று உன் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. 2010 வாக்கில் நம் ஊரில் ஒரு சிம் நம் பர்மா பணத்தில் 15 லட்சம் சாட். அப்புறம் 5 லட்சம், 2 லட்சம் என்று இறங்கி, 2013 ஏப்ரலில்தான் குலுக்கல் முறையில் 1,500 சாட்டுக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து எல்லோர் கையிலும் போன் வந்தது. அதற்கு முன்னால் சிம் வைத்திருந்தவருக்கு செட்டை விட நம்பர்தான் சொத்து. வீட்டு நகையை அடகு வைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதைக் கழற்றிக் கையில் கொடுத்தால்தான் மனிதர் நிம்மதியாக ஸ்டூலில் உட்காருவார். இன்றைக்கு சிம் மலிவு. ஆனால் பணம், அடையாளம் எல்லாம் அந்த நம்பரோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. பழக்கத்தை விட்டுவிடாதே.

அதோடு ஒட்டியது இன்னொன்று. பட்டன் செட்டுகளில் பலர் நம்பர்களை சிம்மில் வைக்காமல் போன் மெமரியில் வைத்திருப்பார்கள். சாஃப்ட்வேர் அடிப்பதற்கு, அதாவது புதிதாக ஏற்றுவதற்கு, முன்னால் அதைக் கேள். அடித்தால் எல்லாம் போய்விடும். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் நம்பர் ஒன்று அந்த செட்டில் மட்டும் இருக்கலாம், நோட்டில் எழுதி வைத்த தாத்தா இப்போது இல்லாமல் இருக்கலாம். போட்டோ, மெசேஜ் எதையும் திறந்து பார்க்காதே. அதற்குமேல் அதைப் பற்றி உன்னிடம் சொல்லத் தேவையில்லை.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞான் வந்தால் உன் மேசை நிரம்பிவிடும். நமக்குச் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில் வருகிறது, கோயிலுக்குப் போய்வந்த கையோடு எல்லோரும் தெருவில் நனைவார்கள். கழுத்தில் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தாலும் எங்கேயோ ஒரு துளி இறங்கிவிடும். ஐந்து நாள் கழித்துக் கடை திறக்கும்போது தண்ணீர் செட் வரிசையாக வரும். எல்லோரும் அரிசிக்குள் போட்டு வைத்துவிட்டுக் கொண்டுவருவார்கள். தகட்டுக்கு அடியில் நிற்கும் தண்ணீரை அரிசி இழுக்காது, அந்த ஐந்து நாளில் பச்சை பூத்திருக்கும். தண்ணீர் மட்டும் இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. பேட்டரி மாட்டியபடியே இருப்பதால் ஈரத்தின் வழியாகக் கரண்ட் ஓடி செம்பைத் தின்றுவிடுகிறது. ஆகவே திருவிழாவுக்கு முன்பே உன் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வை: நனைந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்காதே, ஆன் பண்ணிப் பார்க்காதே, பேட்டரி கழலும் என்றால் உடனே கழற்று, நேராகக் கொண்டுவா.

உன்னிடம் வந்ததும் முழுக்கக் கழற்று. தகட்டு மூடிகளையும் எடு. 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றி, மெல்லிய பிரஷ்ஷால் கனெக்டர்களையும் சில்லுகளின் ஓரங்களையும் தேய். தின்னர் மலிவு என்று பலர் அதில் கழுவுகிறார்கள். அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும், கீபேட் ஷீட்டின் பசையை எடுத்துவிடும், வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு பேட்டரி போடாமல் பவர் சப்ளையில் 4 வோல்ட் வைத்து ஆம்பியர் முள்ளைப் பார். பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பே முள் நன்றாக ஏறினால் மெயின் லைனில் எங்கோ ஷார்ட் இருக்கிறது. சூடான காற்று ஊதும் ஹாட் ஏரைக் கையில் எடுக்காதே. போர்டின் மேல் கொஞ்சம் ஆல்கஹாலைப் பூசி சப்ளை கொடு. எந்த இடம் முதலில் காய்கிறதோ அங்கே சூடு ஏறுகிறது, அந்தச் சில்லையோ கெப்பாசிட்டரையோதான் நீ தேட வேண்டும். கரண்ட் விட்டு விட்டு வரும் நம் ஊரில், சூடு வைக்காமலே பழுதைக் கண்டுபிடிப்பது உனக்கு மிச்சம். ஜெனரேட்டர் போட்டு ஹாட் ஏர் ஓட்டினால் வருகிற கூலி டீசலுக்கே போய்விடும்.

பட்டன் செட் பார்த்து என்ன வரும், ஐபோன் போர்டு வேலை கற்றுக்கொள் என்று உன் நண்பர்கள் சொல்வதாகச் சொன்னாய். கற்றுக்கொள், நல்லதுதான். ஆனால் ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாத வீட்டில் நாலைந்து நாள் சார்ஜ் நிற்கிற, டார்ச் எரிகிற செட் எது என்று அவர்களைக் கேள். நோக்கியா பட்டன் செட்டுகளில் போடும் பிஎல்-5சி பேட்டரி இன்னும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, ரேடியோவுக்கும் ஸ்பீக்கருக்கும் அதையே போடுகிறார்கள். வாங்கும்போது கண்ணாடி மேசையில் படுக்க வைத்துச் சுற்றிவிட்டுப் பார். சுழன்றால் வயிறு ஊதியிருக்கிறது, வாங்காதே.

சில செட்டுகளில் பேட்டரியை எடுத்தால் அடியில் 'மேட் இன் இந்தியா' என்றிருக்கும். அதைப் பார்த்தால் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். மெட்ராஸுக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் நோக்கியா தொழிற்சாலை திறந்தது, 2014 நவம்பரில் மூடியது. அங்கே வேலை பார்த்த பெண்பிள்ளைகளில் ஒருத்தி மாட்டிய ஸ்க்ரூவாக இருக்கலாம் நான் கழற்றுவது. ஆலையே போய்விட்டது, அவள் முறுக்கியது இன்னும் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

பசை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். 2014ல் வந்த சாம்சங் எஸ்5ல் பின்மூடியை நகத்தால் கழற்றலாம். அடுத்த வருஷமே எஸ்6ல் கண்ணாடியை வைத்து ஒட்டிவிட்டார்கள். அது அவர்கள் வழி. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி 18 முதல், பேட்டரியை வாங்கியவரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. அந்தப் போன்கள் நம் மேசைக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீயாவது சூப்பர் குளூ போடாதே. உடைந்த கிளிப்புக்குப் பதில் ஒரு சொட்டு விட்டால் அன்றைக்கு அழகாக மூடிக்கொள்ளும். அடுத்து திறப்பவன் டிஸ்ப்ளேயை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும். அந்த அடுத்தவன் நீயாகவும் இருக்கலாம், மாப்பிள்ளை. நான் மூடுகிற ஒவ்வொரு செட்டையும், முகம் தெரியாத ஒருவன் இரண்டு வருஷம் கழித்துத் திறந்து பார்ப்பான் என்று நினைத்துத்தான் மூடுகிறேன். ஜம்பர் இழுத்தால் மூடியின் உள்பக்கம் சின்ன எழுத்தில் எங்கிருந்து எங்கே என்று எழுதி வைப்பேன். நான் போட்ட ஜம்பரை வேறு தெருவில் ஒரு சீனப் பையன் படித்துப் பார்த்து வேலையை முடித்துவிட்டு, என்னைத் தேடிவந்து டீ வாங்கிக் கொடுத்தான்.

சரி, அந்த நோக்கியாவுக்கு வா. அந்த அம்மாவிடம் இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கு. ஸ்க்ரூ மிஞ்சியது என்றே சொல், மறைக்காதே. திறந்து எல்லா ஓட்டைகளையும் எண்ணு. ஸ்க்ரூ உட்கார்ந்திருந்த ஓட்டையின் விளிம்பைச் சுற்றி வட்டமாகப் பளபளப்பு இருக்கும், அழுக்கு ஏறியிருக்காது. அந்தப் பளபளப்பு இருந்து ஸ்க்ரூ இல்லாத இடம் எதுவோ அதுதான். அப்படி எதுவும் தென்படவில்லை என்றால், உன் மேசையில் முன்பு கிடந்த வேறு செட்டின் ஸ்க்ரூவாக இருக்கும், அந்த செட் யாருடையது என்று நோட்டைப் பார்.

உன் டி6 நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரின் முனை மழுங்கிவிட்டது என்று சொன்னாய் அல்லவா, அதை வைத்து முறுக்கினால் தலை தேய்ந்துவிடும். புதியது ஒன்றை ஆங் மிங்கலா பஸ் ஸ்டாண்டில் மோல்மீன் வண்டியில் போட்டிருக்கிறேன். பாட்டி வீட்டில் இருந்த இன்னொரு பல்லாங்குழிப் பலகையும் அதே பார்சலில் இருக்கிறது. காலையில் போய் வாங்கிக்கொள். அந்த ஓட்டை கிடைத்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
உன் மாமா
ரங்கூன்