தவணையை வெள்ளாமை வெட்டோடு பொருத்துங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

வியாபாரம் விழுந்தாலும் நம்பிக்கையை விடக்கூடாது என்று தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் மாதக் கடைசியில் செக்குக்குக் காசு தேடுகிறவனுக்கு அது காணாது. மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிகுடியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன் என்ற முறையில், நாங்கள் எப்படிச் சமாளித்தோம், வங்கிக் கடன் தவணையில் என்ன மாற வேண்டும் என்று சிலதைச் சொல்கிறேன்.

2022 இல் ஐம்பது கிலோ சீமெந்து மூடை மூவாயிரம் ரூபாயைத் தாண்டியபோது எங்கள் பக்கம் வீட்டு வேலைகள் லிண்டல் மட்டத்தோடு நின்றன. அந்த ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்ததால் வாவிக்கு மேற்கே வயல்கள் உள்ள படுவான்கரையில் விளைச்சலும் குறைந்திருந்தது. வயலில் காசு இல்லை என்றால் மேசனுக்கு வேலை இல்லை, மேசனுக்கு வேலை இல்லை என்றால் என் கடைக்கு ஆள் இல்லை.

புது வீடு கட்டுகிறவரை எதிர்பார்ப்பதை விட்டு, பழைய வீட்டைத் திருத்துகிறவருக்கு விற்கத் தொடங்கினோம். சீமெந்தைக் கிலோக் கணக்கில் உடைத்துக் கொடுத்தோம். சொல்ல லேசு. உடைத்த மூடை மாரி ஈரத்தில் கட்டிபட்டுவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு மூடைதான் உடைப்போம். இரட்டைப் பொலித்தீன் பையில் போட்டு, வாயை இறப்பர் பட்டியால் இறுக்கி வைப்போம். மிஞ்சுகிறதை அன்றைக்கே பூசிவிட வேண்டும். கடையின் பின்சுவர் அப்படித்தான் பூசி முடிந்தது! ஆணி நூறு கிராம், குழாய்க்கு ஒரு வாசர் என்று கேட்பவரையும் மரியாதையாகக் கவனித்தோம். வாசர் வாங்க வருகிறவர் அதை மாட்டித் தர ஆளும் கேட்பார். வேலையில்லாமல் இருந்த மேசன், பிளம்பர்மாரின் தொலைபேசி இலக்கங்களைச் சுவரில் ஒட்டி வைத்தோம். அவர்களுக்குச் சின்னச் சின்ன வேலை கிடைத்தது, அந்த வேலைக்கான சாமானை எங்களிடமே வாங்கினார்கள்.

கடன் கொப்பியை மூடவில்லை. இந்தப் பக்கத்தில் கடன் கொடுக்காமல் கடை நடத்த முடியாது. ஆனால் எப்போது தருவார் என்பதையும் பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். குருமண்வெளித் துறையால் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) வருகிற மண்டூர்க்காரர் அநேகமாக எழுதுவது ஒன்றுதான்: வெள்ளாமை வெட்டினதும். பெரும்போகம் என்றால் மாசி, பங்குனி. சிறுபோகம் என்றால் ஆவணி, புரட்டாதி. அநேகர் சொன்ன மாதத்தில் தந்தார்கள். கொழும்பு மொத்த வியாபாரிக்கும் செக் திரும்ப முதலே அழைத்து இந்தக் கணக்கைச் சொன்னேன். அவரும் பாதியை இப்போது, மீதியை அறுவடைக்குப் பிறகு என்று ஒத்துக்கொண்டார்.

எங்களுக்குக் கடன் தந்த வங்கிதான் ஒத்துக்கொள்ளவில்லை. மாதத் தவணை மாதத் தவணைதான் என்றார்கள். நீதிமன்றம் போகாமலே அடகுச் சொத்தை ஏலம் விடும் பராட்டே அதிகாரத்தை அரசாங்கம் சில காலம் நிறுத்தி வைத்தது நல்ல விடயம்தான். ஆனால் அந்த நேரத்திலும் கடனுக்கு வட்டி சேர்ந்துகொண்டே இருந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடைக்காரன், தையல்காரி, உழவு இயந்திரம் திருத்துகிறவர் எல்லோருக்கும் காசு புழங்குவது இரண்டு அறுவடையிலும்தான். மற்ற மாதங்களில் வட்டியை மட்டும் வாங்கி, கடனின் முதல் தொகையை அறுவடைக்குப் பிந்திய மாதங்களில் இரண்டு தவணையாக அறவிட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்டால் மேலிடத்தில் விதி இல்லை என்கிறார்கள். சரி, விதி போடுகிறவர்களைத்தான் கேட்கிறேன். இரு மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அடுத்த மாவட்ட அபிவிருத்திக் குழுக் கூட்டத்துக்கு வங்கி முகாமையாளர்களை அழைத்து, இதை நிகழ்ச்சி நிரலில் போட வேண்டும். பெரும்போக விதைப்புக்கு முதல் அது நடந்தால், மாசியில் வருகிற காசை வைத்து நாங்கள் கணக்குப் போடலாம்.

இப்படிக்கு,
ஹாட்வெயார் கடைக்காரன்,
களுவாஞ்சிகுடி.