மாரிக்கு முன் ஒரு வேலை: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து எமது வித்தியாலயத்தின் சுற்றாடல் முன்னோடிக் குழுப் பிள்ளைகள் பொலித்தீன் குப்பையைப் பற்றி ஊருக்குள் ஒரு பிரசாரம் செய்யப் போகிறார்கள். வீட்டில் இதைப் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். "எங்களைக் குப்பை பொறுக்கக் கூட்டிக்கொண்டு போகினம்" என்று ஒரு பிள்ளை சொன்னதாகத் தாயொருவர் வாசலில் வைத்துக் கேட்டார். பொறுக்கப் போகவில்லை, பேசப் போகிறோம். என்ன பேசப் போகிறோம், எதைச் செய்ய மாட்டோம் என்பதைச் சொல்லி உங்கள் சம்மதத்தைப் பெறுவதற்கும், சம்மதத்தைவிட அதிகமாக உங்கள் உதவியைக் கேட்பதற்குமே இதை எழுதுகிறேன்.

திருகோணமலையில் உள்ள சூழல் பிரச்சினைகளைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டதும் கரும்பலகை நிறைந்துவிட்டது. புறாமலைத் தீவின் பவளப்பாறை, டைனமைட் மீன்பிடி, ஆற்று மணல், வெட்டப்படும் கண்டல், கோட்டைப் பக்கத்து மான்கள், வாய்க்கால் நிறையப் பொலித்தீன். எல்லாம் உண்மையான பிரச்சினைகள்தான். பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ஒரே பதாகையில் எழுத ஆசை. அங்கேதான் நானும் சுற்றாடல் முன்னோடிப் பொறுப்பாசிரியரும் தடுத்தோம். ஒரு கடைக்காரரின் முன் நின்று, "ஐயா, நீங்கள் இதைச் செய்ய வேணும்" என்று சொல்ல எங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தோம்.

புறாமலை 2003 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பவளத்தின்மேல் ஏறி நிற்காதீர்கள் என்பது அங்கே நீந்தப் போகிறவர்களிடம் சொல்ல வேண்டிய செய்தி. உப்புவெளியில் மரக்கறி விற்கும் அம்மாவிடம் அதைச் சொல்லி என்ன பயன்? டைனமைட்டை 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் தடை செய்திருக்கிறது. அதைப் பிடிப்பது அதிகாரிகளின் வேலை, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வேலையல்ல. சம்பூரில் வரவிருந்த அனல்மின் நிலையத்தை 2016 இல் அரசாங்கம் கைவிட்டதை நினைவில் வைத்து, "அதுபோல நாங்களும் ஒன்றை நிறுத்தேலாதா சேர்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அது பெரியவர்கள் குரல் எழுப்பி, நீதிமன்றம் வரை போன விடயம். எங்களுக்கு வேண்டியது, பக்கத்து வீட்டாரிடம் காலையில் கேட்டால் மாலைக்குள் அவர் செய்துவிடக்கூடிய ஒன்று.

மிஞ்சியது பொலித்தீன்.

அதிலும் காலம் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் விழுகிறது. கச்சான் காற்று அடிக்கும் வறண்ட மாதங்களில் ஒழுங்கையோரத்துக் கானில் விழுகிற சொப்பிங் பையும் யோகட் கோப்பையும் அங்கேயே காய்ந்து கிடக்கும். யாருக்கும் அது உறைப்பதில்லை. முதல் பெருமழையில் இரண்டில் ஒன்று நடக்கும்: அடைத்துக்கொண்டு தண்ணீரை முற்றத்துக்குள் திருப்பும், அல்லது அடித்துச் செல்லப்பட்டுக் கடலில் சேரும். அதன் பிறகு பேசுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவே மாரி தொடங்கும் முன்னர் முடிக்க வேண்டும்.

செப்டெம்பர் மூன்றாவது சனிக்கிழமை உலகெங்கும் கடற்கரை துப்புரவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்றைக்கு ஏன் எங்கள் பாடசாலை கரையில் நிற்கவில்லை என்று சிலர் கேட்கக்கூடும். கையுறை போட்டு, மூட்டை கட்டி, குழுப்படம் எடுத்து முகநூலில் போடுவதில் எனக்குப் பெரிய விருப்பமில்லை. குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போன்ற வேலை அது. கரைக்கு வந்து சேரும் குப்பை எந்த ஒழுங்கையிலிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பதுதான் பிள்ளைகளுக்குப் படிப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீட், ரெஜிபோம் பெட்டி, 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் ஆகியவற்றுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. திறந்த வெளியில் பிளாஸ்டிக் எரிப்பதும் அதோடு சேர்த்துத் தடுக்கப்பட்டது. 2021 இல் சிறிய சஷே பைகள் சிலவும், 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழாய், பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு போன்றவையும் பட்டியலில் சேர்ந்தன. இதைச் சுவரொட்டியில் எழுதி ஒட்டினால் யாருக்கும் புதினமில்லை. கடைக்காரருக்கு எங்களைவிட நன்றாகவே தெரியும். தெரிந்தும் ஏன் நடக்கிறது என்று அறியப் பிள்ளைகள் நிலாவெளி வீதியில் உள்ள சாப்பாட்டுக் கடைகளிலும் பலசரக்குக் கடைகளிலும் ஆசிரியரோடு போய் விசாரித்தார்கள். குறை சொல்லப் போகவில்லை, கேட்டு எழுதப் போனார்கள். கிடைத்த பதில்கள் என்னைச் சற்று யோசிக்க வைத்தன. "வெறுங்கையோடு வாறவைக்கு நான் சாம்பாரை எதில ஊத்திக் குடுக்கிறது?" என்று ஒருவர். வாழையிலை கிழிந்துவிடும், கறி ஒழுகும் என்று இன்னொருவர். பை தராவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்பது மற்றொருவரின் பயம். ஆக, கடைக்காரரிடம் போய்க் கத்துவதில் அர்த்தமில்லை. மாற வேண்டியவர்களில் கடைக்கு வெறுங்கையோடு போகும் நாங்களும் இருக்கிறோம்.

எனவே இரண்டே கோரிக்கைகள். கடைக்குப் போகும்போது பையும், சாப்பாடு வாங்கப் போனால் மூடியுள்ள பாத்திரமும் கொண்டு போங்கள். வீட்டில் சேரும் பொலித்தீனைக் கானில் போடாமல், எரிக்காமல், கழுவிக் காயவைத்து வேறாகக் கட்டி வையுங்கள்.

இரண்டாவது கோரிக்கையில் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கக் கூடாது. குப்பை வண்டி ஒழுங்காக வராத ஒழுங்கைக்குப் போய் "பிரித்து வையுங்கள்" என்றால், "பிரிச்சு வைச்சிட்டு என்ன செய்யிறது தம்பி?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளையிடம் பதில் இருக்க வேண்டும். அதனால் எந்த ஒழுங்கைக்கு எந்தக் கிழமை வண்டி வரும், வேறாகக் கட்டிய பொலித்தீனை வேறாகவே எடுப்பார்களா என்பதைப் பிரதேச சபையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வந்த ஒழுங்கைகளுக்கு மட்டுமே பிள்ளைகள் போவார்கள். ஊர் முழுவதும் போய்ச் செய்ய முடியாததைச் சொல்லிவிட்டு வருவதைவிட இரண்டு ஒழுங்கையில் ஒழுங்காகச் செய்வது மேல். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் எதைச் சொல்வது என்பதிலும் நேரம் செலவழித்தோம். சிறுவர்களிடம் மானைப் பற்றிப் பேசினால் போதும். பிரெட்ரிக் கோட்டையிலும் நகரத்து வீதிகளிலும் திரியும் புள்ளிமான்கள், சோற்று மணம் ஒட்டியிருக்கும் லஞ்ச் சீட்டை அப்படியே விழுங்குவதைப் பலரும் கண்டிருக்கிறோம். இறந்த மான்களின் வயிற்றில் பொலித்தீன் இருந்ததாகச் செய்திகளும் வந்தன. ஆனால் சிறு பிள்ளையோடு வாசலில் நிற்கும் தாய்க்கு மானைவிட டெங்கு கிட்ட இருக்கிறது. 2017 மார்ச்சில் கின்னியா டெங்குவால் பட்ட பாட்டை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். நுளம்புக்குக் குளம் வேண்டியதில்லை. யோகட் கோப்பையில், சிரட்டையில், மடிந்து கிடக்கும் பொலித்தீனில் தேங்கும் ஒரு மிடறு நீர் போதும். சூடான காலநிலையில் முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்த முட்டைகூட மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து மழைபட்டதும் பொரிக்கும். வாரம் ஒருமுறை வளவைச் சுற்றிப் பாருங்கள் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வது இதனால்தான். அவரும் ஒரு நாள் வந்து பிள்ளைகளோடு பேச இணங்கியிருக்கிறார்.

கரைவலைச் சம்மாட்டிமாருக்கு நாங்கள் பாடம் நடத்தப் போவதில்லை. வலையின் மடியில் மீனோடு என்னென்ன ஏறி வருகிறது என்பதை அவர்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மொழியைப் பற்றி ஒன்று. நிலாவெளி வீதியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடையில் சாமான் வாங்குகிறார்கள். துண்டுப்பிரசுரம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கும். சிங்களப் பகுதியைக் கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் போட்டு நாலு பேர் சிரிக்கும்படி விடாமல், அயல் சிங்களப் பாடசாலை ஆசிரியர் ஒருவரே எழுதித் தருகிறார். ஜும்ஆவுக்குப் பிறகு ஓர் அறிவித்தல் சொல்லப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும், வெள்ளிக்கிழமைப் பூசை நேரத்தில் சொல்லக் கோயில் பரிபாலன சபையிடமும், ஞாயிறு பூசைக்குப் பின் சொல்லப் பங்குத் தந்தையிடமும் கேட்கிறோம். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டும் யோசனையைக் கைவிட்டோம். பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஓடுகிற ஓட்டோவிலிருந்து கேட்பதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்பது மற்றது. அதற்குப் பதிலாகத் தரம் 10 மாணவர்கள் சந்தையடியில் ஒரு வில்லுப்பாட்டு வைக்கிறார்கள். ஒத்திகை பார்த்தேன், சிரிப்பாகத்தான் இருக்கிறது. அதிபரையும் ஓரிடத்தில் இழுத்திருக்கிறார்கள்.

பதாகையை ஃப்ளெக்ஸில் அடிக்க மாட்டோம். அதுவும் பிளாஸ்டிக்தானே. துணியில் பிள்ளைகளே எழுதுவார்கள்.

இனி, நீங்கள் கவலைப்படக்கூடிய விடயங்கள். தரம் 8, 9, 10 பிள்ளைகள் மட்டுமே போவார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் வகுப்பை இதில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு குழுவோடும் ஓர் ஆசிரியரும் ஒரு பெற்றோரும் இருப்பார்கள். எந்தப் பிள்ளையும் கானுக்குள் இறங்காது, குப்பையைக் கையால் தொடாது, யாருடைய வீட்டுக்குள்ளும் போகாது, படலையடியில் நின்றே பேசும். வெயில் ஏறுமுன் காலையில் தொடங்கி, பத்தரை மணிக்குள் பாடசாலைக்குத் திரும்பிவிடுவார்கள். கடையையோ வீட்டையோ படமெடுத்து இணையத்தில் போடுவது முற்றாகத் தடை. பிள்ளைகளின் படத்தையும் உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போட மாட்டோம். யாரிடமும் பணம் வாங்க மாட்டோம், உங்களிடமும் கேட்கவில்லை.

நடந்ததா இல்லையா என்று அறிய, கடற்கரையில் பெரிய கான் முடியும் இடத்தில் குறித்த ஓர் அளவு நிலத்தில் கிடப்பதை வகை வகையாகப் பிரித்து இப்போதும், பிரசாரம் முடிந்த பின்னரும், முதல் பெருமழைக்கு அடுத்த நாளும் பிள்ளைகள் எண்ணி எழுதுவார்கள். குறையாவிட்டால் குறையவில்லை என்றே பெற்றோர் கூட்டத்தில் வாசிப்பார்கள்.

உங்களிடம் கேட்பது இவை. தையல் தெரிந்த தாய்மார் பழைய சேலை, சாரம், யன்னல் திரை எதிலாவது பை தைத்துத் தந்தால் மிகவும் உதவும். துணி பாடசாலையில் சேர்த்து வைத்திருக்கிறோம். கடற்றொழில் செய்பவர்களும், ஹோட்டல்களில் வேலை செய்பவர்களும், கடை வைத்திருப்பவர்களும், சுத்திகரிப்புத் தொழிலில் இருப்பவர்களும் ஒரு பாடவேளை வந்து பிள்ளைகளோடு பேசுங்கள். எங்கள் ஆசிரியர்களுக்குப் புத்தகத்தில் இருப்பது தெரியும், எந்த ஒழுங்கையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். குழுக்களோடு நடந்து வர நேரமுள்ள பெற்றோர் பொறுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள். அப்பப்பா, அம்மம்மா வந்தாலும் நல்லது. படலையடியில் பெரியவர் ஒருவர் நின்றால் கதவு கெதியில் திறக்கும்.

இத்துடன் உள்ள சம்மதப் படிவத்தை நிரப்பி, விருப்பம் இல்லாவிட்டால் இல்லை என்று எழுதி, எதிர்வரும் வியாழக்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். சம்மதம் தராத பிள்ளைக்கு இங்கேயே துண்டுப்பிரசுரம் எழுதும், எண்ணிக்கைகளை அட்டவணையிடும் வேலை உண்டு. யாரும் ஒதுக்கப்பட மாட்டார்கள். கேள்விகள் இருந்தால் வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பின் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். அன்று தேநீரைக் காகிதக் கோப்பையில் தர மாட்டோம், வரும்போது வீட்டிலிருந்து ஒரு கப் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்