விசேட கல்வி அலகுப் பிள்ளைகளுக்கு மலசலகூடம் கோரும் மனு

அனுப்புநர்: உதவியாளர், விசேட கல்வி அலகு
ஊடாக: பாடசாலை அதிபர்
பெறுநர்: வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்

விடயம்: விசேட கல்வி அலகோடு சேர்த்து, சக்கர நாற்காலி உள்ளே போகக்கூடிய மலசலகூடம் ஒன்று அமைத்துத் தருதல் (மீண்டும் நினைவூட்டல்)

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இதே விடயமாக அதிபர் ஊடாக முன்னரும் எழுதியிருக்கிறேன். கோட்டக் கல்வி அலுவலகத்திலும் நேரில் கொடுத்தேன். ஒரு கடிதத்துக்கு மட்டும் ‘கவனத்தில் எடுக்கப்படும்’ என்று பதில் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. தங்களுக்கு எத்தனையோ பாடசாலைகளின் பொறுப்பு இருப்பதை அறிவேன். ஆனாலும் இதைக் கடைசி வரை வாசிக்கும்படி பணிவுடன் கேட்டு எழுதுகிறேன்.

எங்கள் பாடசாலை தாங்கள் அறிந்த இடம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து குளக்கட்டுப் பக்கம் இறங்கும் கிறவல் பாதையால் தாங்கள் வந்திருக்கிறீர்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் தாங்கள் கொடியேற்றிய கம்பத்துக்கு நேர் பின்னால் இருக்கும் தகரக் கூரைக் கட்டடம்தான் எங்கள் அலகு. மலசலகூடம் மைதானத்தின் மற்றப் பக்கத்தில், பாலை மரத்துக்கு அப்பால்.

1. அலகில் பதினொரு பிள்ளைகள். கற்பிக்க ஓர் ஆசிரியை, மற்ற வேலைகளுக்கு நான். கை பிடித்து எழுத வைப்பது, வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பார்ப்பது, மணிச் சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவனைப் பிடித்து வருவது, சாப்பாடு ஊட்டுவது, எல்லாம் என் வேலை. விருப்பத்தோடுதான் செய்கிறேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தரும் கொடுப்பனவைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. அது வேறு அலுவல்.

2. மலசலகூடத்துக்கு மூன்று படி. கதவு இரண்டடி அகலம். சக்கர நாற்காலி அதற்குள் போகாது. உள்ளே குந்தியிருக்கும் பீங்கான்தான். பிடிக்க ஒரு கம்பி இல்லை. தண்ணீர் வெளியே தொட்டியில். கால் விறைத்த பிள்ளை எப்படிக் குந்தும்? நாற்காலியைப் படியடியில் விட்டு, பிள்ளையைத் தூக்கி, பக்கவாட்டில் கதவுக்குள் நுழைந்து, என் முழங்காலில் இருத்திப் பிடித்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைகள் என்றால் சரி. இவர்கள் வளர்கிறார்கள் ஐயா. மாரி தொடங்கினால் மைதானம் சேறாகிச் சில்லுப் புதையும். அப்போது அலகிலிருந்தே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெற்றோர் காசு சேர்த்து அந்தப் படிக்கு ஒரு சாய்வு போட்டுப் பார்த்தார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. ஒன்றரை அடிக்குப் பதினெட்டடி வேண்டும். வாங்கிய சீமெந்து ஐந்தடிக்குத்தான் காணும். அதில் இறக்கினால் கதிரை பிள்ளையோடு முன்னுக்குப் பாய்கிறது. ஒருவரும் பாவிப்பதில்லை.

3. இனி எழுதுவதற்காகத்தான் இந்த மனு. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளில் ஒருத்திக்குப் பதின்மூன்று வயது. பெருமூளை வாதம். கதை குறைவு, ஆனால் சொல்வதெல்லாம் விளங்கும். இந்த வருடம்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினாள். அவள் பாடசாலையில் தண்ணீர் குடிப்பதில்லை. போத்தலை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். தாயும் விடியத் தேத்தண்ணீர் கொடுப்பதை விட்டுவிட்டார். கேட்டால், “உங்களுக்கு ஏன் தங்கச்சி கரைச்சல்” என்கிறார். ஏழரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை, இந்த ஆவணி வெயிலில், தகரத்துக்குக் கீழே, ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் இருக்கிறாள். குடித்தால் போக வேண்டி வரும். போவதென்றால் முழுப் பாடசாலையும் பார்க்க மைதானத்தைக் கடக்க வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. காய்ச்சலோடு வைத்தியசாலையில் மறித்து வைத்தார்கள். நிறையத் தண்ணீர் கொடுக்கச் சொல்லித்தான் வைத்தியர் துண்டு வெட்டினார். தாய் அதை என்னிடம் வந்து சொல்லும்போது நான் என்ன சொல்வது? போன வருடம் பெரிய பிள்ளையும் ஆகிவிட்டாள். அந்த நாட்களில் துணி மாற்ற ஒரு மறைவு இல்லை. அலுமாரிக்குப் பின்னால் சேலையைக் கட்டி ஆசிரியையும் நானும் மாற்றிவிட்டோம். சேலைக்கு அந்தப் பக்கம் வகுப்புப் பையன்கள். அன்று முழுக்க அவள் எங்களோடு முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நாட்களில் வருவதே இல்லை. தகப்பன் 2009 இல் ஒரு காலை இழந்தவர், அவரால் தூக்க இயலாது. தாய் கூலி வேலைக்குப் போகிறார். அடுத்த தவணையோடு பிள்ளையை மறிக்கப்போவதாகத் தாய் சொல்லிவிட்டார். வாசிக்கத் தொடங்கிய பிள்ளை ஐயா. ஒரு மலசலகூடம் இல்லை என்பதற்காகவா அவள் வீட்டில் கிடக்க வேண்டும்?

4. பதினைந்து வயதுப் பையன் ஒருவனும் இருக்கிறான். நான் பெண், அவனுக்கு வெட்கம். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் வந்து கொண்டுபோகிறார்கள். நல்ல பிள்ளைகள், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பரீட்சை நாட்களில் அவர்கள் இல்லை. அப்போது அவன் நனைந்த காற்சட்டையோடு இருக்கிறான்.

5. அலுவலகத்தில் விசாரித்தபோது, மாணவர் தொகைக்குப் போதுமான மலசலகூடங்கள் இருப்பதாகப் படிவத்தில் உள்ளது, ஆகவே முன்னுரிமைப் பட்டியலில் வராது என்றார்கள். எண்ணினால் போதும்தான். எங்கள் பிள்ளைகள் பாவிக்கக்கூடியவை எத்தனை என்று யாராவது கேட்டார்களா? ஒன்றும் இல்லை. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் கூடாது, பொதுமக்கள் போகும் கட்டடத்துக்குள் இவர்கள் போகவும் தடை இருக்கக்கூடாது என்கிறது. 2006 இல் அணுகல் வசதி விதிமுறைகள் வர்த்தமானியில் வந்தன. 2016 இல் அங்கவீனமுற்றோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை உறுதிப்படுத்தியது. அதே வருடம் கட்டாயக் கல்வி வயதும் 16 ஆனது. இவையெல்லாம் என்னைவிடத் தங்களுக்குத் தெரியும். பதின்மூன்று வயதுப் பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று பெற்றோரைக் கேட்கச் சட்டம் இருக்கிறது. அந்தத் தாயிடம் யார் போய்க் கேட்கப்போகிறீர்கள்?

மரியாதைக் குறைவாகத் தெரிந்தால் மன்னிக்க வேண்டும். பணிவாக எழுதிய கடிதங்களால் ஒன்றும் நடக்கவில்லை. யாராவது ஓர் உத்தியோகத்தர், ஒரே ஒரு நாள், ஏழரைக்கு வந்து ஒன்றரை வரை தண்ணீர் குடிக்காமல் எங்களோடு இருந்து பார்க்கட்டும்.

6. எனக்கும் நாரிப்பிடிப்பு. அண்மையில் அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிப் படியேறும்போது கால் வழுக்கிச் சுவரோடு சாய்ந்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆன பிறகு விசாரணைக்கு வராமல், இப்போது வாருங்கள்.

7. பெரிய கட்டடம் கேட்கவில்லை. அலகின் பின்சுவரோடு ஓர் அறை. படி வேண்டாம், நிலமட்டத்தில். கதவு மூன்றடி, வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே கதிரை திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடம், கொமட், இரு பக்கமும் கைபிடிக் கம்பி, தண்ணீர்க் குழாய், பிள்ளையைப் படுக்க வைத்து உடை மாற்ற ஒரு வாங்கு. குழாய்க்கிணறு பக்கத்தில்தான் இருக்கிறது. அத்திவாரம் வெட்டப் பெற்றோர் சிரமதானம் செய்வார்கள். மேசன்மாரும் ஊரில் இருக்கிறார்கள். மதிப்பீடு போடத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரை அனுப்புங்கள். முடிந்தால் ஆண் உதவியாளர் ஒருவரையும் தாருங்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் மலசலகூடத்தைத் தாருங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னர் வேலை தொடங்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் தாருங்கள். அதை வைத்துக்கொண்டு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் பெற்றோர் போவார்கள். அப்படிப் போக எங்களுக்கு விருப்பமில்லை. தங்கள் கையாலேயே இது நடக்க வேண்டும். அடுத்த தவணை தொடங்குவதற்குள் ஒரு பதில் தாருங்கள் ஐயா, பிள்ளையை மறிக்க வேண்டாம் என்று அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு ஒரு கடிதம் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உதவியாளர், விசேட கல்வி அலகு

இணைப்பு: பெற்றோர் கையொப்பங்கள், தாயின் சம்மதத்துடன் வைத்தியத் துண்டின் பிரதி, முன்னைய மனுக்களின் பிரதிகள்