எலும்புக்கு எதற்கு ஓய்வு?

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், ‘எடையற்ற நிலையில் எலும்புகளுக்கும் நல்ல ஓய்வு கிடைக்கிறது’ என்று ஒரு வரி. தங்களுக்குத் தெரியாததா? எப்படித்தான் கண்ணில் படாமல் அச்சேறியதோ!

அந்த ஓய்வுதான் ஐயா எலும்பைத் தின்கிறது. விண்வெளியில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை தாது அடர்த்தி குறைகிறது. மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல் எலும்பு கட்டும் செல்லாகவும் மாறலாம், கொழுப்புச் செல்லாகவும் மாறலாம். உடம்பின் பாரம் எலும்பில் இறங்கினால், அந்த அழுத்தமே அதை எலும்பின் பக்கம் தள்ளுகிறது. பாரம் இல்லாவிட்டால் கொழுப்பின் பக்கம் சாய்கிறது. எலும்பை அரிக்கும் செல்களோ லீவு போடுவதில்லை. 286 நாள் அங்கிருந்த சுனிதாவும் மற்றவர்களும் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தது பொழுது போகாமலா?

என் ஆத்தா எண்பது வயதிலும் கிணற்றில் நீர் இறைத்தவர். முகப்புப் படியில் வழுக்கி மணிக்கட்டில்தான் அடி. ‘வயசாச்சு, அசையாமல் படுக்கட்டும்’ என்றார் மருத்துவர். பார்க்க வந்த உறவும் அதையே பாடியது. மாதக்கணக்கில் படுத்தார். பிறகு எழுப்பி நிறுத்தினால், தூணைக் கட்டிக்கொண்டு, “இது என் கால் மாதிரியே இல்லையேத்தா” என்றார். கொஞ்ச நாளில் கட்டிலில் புரளும்போதே இடுப்பெலும்பு முறிந்தது. உங்கள் வரியைப் படித்து இன்னும் எத்தனை வீட்டில் கட்டில் போடுவார்களோ.

அந்தக் கட்டுரைக்குக் கீழேயே கால்சியம் மாத்திரை விளம்பரம். பொருத்தம்தான்!

முன்பும் ஒருமுறை, ‘விண்வெளி நிலையத்தில் புவியீர்ப்பே கிடையாது’ என்று எழுதினீர்கள். 400 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. நிலையம் விழுந்தபடியே சுற்றுவதால்தான் எடை தெரிவதில்லை. பள்ளிக்கூடத்தில் நடத்துகிற பாடம் இது. அன்று எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. செட்டிநாட்டிலிருந்து வந்தால் கோழி வறுவல் குறிப்பு மட்டும்தான் போடுவீர்களோ? காரைக்குடியில் 1953 முதல் செக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. ஒரு போன் போட்டிருந்தால் சரியான ஆளைக் காட்டியிருப்பார்கள்.

சரி, திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்க மூலையில் வேண்டாம். அப்புறம், பணம் கட்டிய தீபாவளி மலர் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
கானாடுகாத்தான்