துளையருகே ஒட்டிய தாள்கள் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் அச்சகத்தில் துளை போட்டு வாங்கிய தமிழ்ப்பள்ளிப் பயிற்சித் தாள்களில் ஒரு குறை இருந்தது. பைலில் கோக்கும்போது தாள்கள் துளையருகே ஒட்டிக்கொண்டு நான்கைந்தாகச் சேர்ந்தே வந்தன. அதன் படம் வாட்ஸ்அப் வழியாகச் சுங்கை சிப்புட் முழுக்கச் சுற்றிவிட்டது. குறை உண்மைதான். பிழை எங்கள் மேல்தான். வருந்துகிறோம்.

ஆனால் அந்தப் படத்தோடு ஒரு வரியும் சேர்ந்து சுற்றுகிறது: “புது பிட் வாங்க மனமில்லாமல் பழையதையே தீட்டித் தீட்டி ஓட்டுகிறார்கள்.” இதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. பிட் என்பது துளை போடும் இயந்திரத்தின் வெட்டுமுனை. அதைத் தீட்டுவது ஏமாற்று வேலை இல்லை. தீட்டாமல் ஓட்டியதால்தான் இந்தக் குறையே வந்தது.

தாள் துளைக்கும் பிட், மரத்தையோ இரும்பையோ துளைக்கும் பிட் போன்றது அல்ல. அது உள்ளே பொள்ளலான எஃகுக் குழாய். அதன் நுனி வட்டமான கத்தி. சுழன்று இறங்கும்போது தாளை வட்ட வட்டமாக வெட்டுகிறது. வெட்டிய வில்லைகள் குழாய் வழியே மேலேறி வெளியே கொட்டுகின்றன. விளிம்பு கூராக இருக்கும்வரை தாள் அறுபடும். மழுங்கினால் தாள் நசுங்கிக் கிழியும். கிழிந்த ஓரத்து நார்கள் பக்கத்துத் தாளின் நாரோடு பின்னிக்கொள்ளும். உரசலில் சூடு ஏறும். வழுவழுப்பான பூச்சுள்ள ஆர்ட் பேப்பராக இருந்தால் அந்தச் சூட்டில் மேற்பூச்சும் இளகி ஒட்டும். ஒட்டல் இப்படித்தான் வருகிறது. தாள் மட்டமானது என்று சிலர் சொன்னதும் சரியில்லை. நீங்கள் எப்போதும் வாங்கும் அதே 80 கிராம் (சதுர மீட்டருக்கான எடை) தாள்தான் அது.

அன்று நடந்தது இதுதான். காலையில் 128 கிராம் ஆர்ட் பேப்பரில் வண்ணப் பக்கங்களுக்குத் துளை போட்டோம். அந்தத் தாளின் பூச்சில் களிமண்ணும் சுண்ணாம்பும் உண்டு. அவை கத்தி விளிம்பை அராவித் தின்றுவிடும். பிறகு பிட்டைக் கழற்றித் தீட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் அப்படியே பயிற்சித் தாளுக்கு மாறினோம். போதாததற்கு ஒரு ரீமை முழுதாக அடுக்கி ஒரே இறக்கத்தில் துளைத்தோம். 80 கிராம் தாள் 500 என்றால் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் உயரம். கூரான 6 மில்லிமீட்டர் பிட் அதைத் தாங்கும், மழுங்கியது தாங்காது. துளைக்கு வந்தவற்றில் சில கட்டுகள் மழை நாளில் ஷட்டர் ஓரம் இருந்து ஈரம் குடித்தவை. ஈரத் தாளின் வில்லைகள் குழாய்க்குள் அடைத்துக்கொள்ளும். அடைப்பு வந்தால் சூடு இன்னும் ஏறும்.

தீட்டும் முறையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் கூம்பு வடிவக் கல்லைக் குழாயின் வாய்க்குள் வைத்து உட்பக்கச் சரிவைப் புதுப்பிக்கிறோம். லேசான அழுத்தத்தில் சில சுற்றுகள் போதும். அப்போது விளிம்பின் வெளிப்பக்கம் மெல்லிய பிசிர் ஒன்று சுருண்டு நிற்கும். நுண்கல்லைக் குழாயோடு ஒட்டப் படுக்கவைத்து அதை எடுக்கிறோம். கல்லைச் சாய்த்துப் பிடித்தால் வெளி விளிம்பு வட்டம் குறைந்து, துளை சிறுத்து, பிட் தாளில் சிக்கும். இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்த பிட், பெட்டியிலிருந்து எடுத்த புது பிட்டுக்கு வெட்டில் கொஞ்சமும் குறையாது. எந்த அச்சகத்திலும் கேட்டுப் பாருங்கள். நீளம் மட்டும் ஒவ்வொரு முறையும் சிறிது குறையும். அதற்கேற்ப இறக்க அளவைத் திருத்த வேண்டும். இரட்டைத் துளை இயந்திரம் என்றால் இரண்டு பிட்டையும் சேர்த்தே தீட்டி ஒரே நீளத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒன்று அடித்தாளை அறுக்காது, மற்றது அடியிலுள்ள வெட்டுப் பலகையில் ஆழமாக இறங்கி முனை கெடும். தீட்டித் தீட்டிக் குட்டையாகிப் போனதையும், விளிம்பில் பல் விழுந்ததையும், வளைந்ததையும் நாங்கள் தூக்கி எறிந்துவிடுகிறோம். வளைந்த பிட் போட்டால் மேல் தாளில் நேராக இருக்கும் துளை அடித்தாளில் விலகியிருக்கும்.

எங்களிடம் பிட் வாங்கிப் போகும் பள்ளி அலுவலகங்களுக்கும் தோட்டக் கிராணிமார்களுக்கும் (எழுத்தர்களுக்கும்) சில வார்த்தைகள். செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வருகைப் பதிவேடு), கணக்குத் தாள் கோக்கும் சாதாரண இரட்டைத் துளைப் பைலுக்கு 6 மில்லிமீட்டர் பிட்தான் சரி. துளைகளின் நடுவுக்கு நடு 80 மில்லிமீட்டர், தாளின் ஓரத்திலிருந்து துளையின் நடுவுக்கு 12 மில்லிமீட்டர். நூல் கோர்க்க 3 அல்லது 4 மில்லிமீட்டர் பிட் வாங்கினால் அடுக்கைப் பாதியாகக் குறையுங்கள். மெல்லிய பிட் உயர்ந்த அடுக்கில் வளையும், சீக்கிரம் அடைக்கும். அடியில் எப்போதும் ஓர் அட்டை வையுங்கள். பிட் கடைசித் தாளை அறுத்து அட்டையைத் தொட்டு நின்றால் போதும். வெட்டுப் பலகையில் ஒரே இடம் பள்ளமானால் பலகையைத் திருப்பி வையுங்கள்; பள்ளத்தின் மேல் அடித்தாள் அறுபடாது, பிதுங்கும்.

சில இறக்கத்துக்கு ஒருமுறை சுழலும் பிட்டில் மெழுகுக் கட்டியைத் தொட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் வேண்டாம், தாளில் கறை விழும். அடைத்துக்கொண்டால் மின்சாரத்தை நிறுத்தி, பிட்டைக் கழற்றி, கூரான முனைப் பக்கமிருந்து மேல்நோக்கி சாத்தே குச்சியால் (இறைச்சி கோக்கும் மெல்லிய மூங்கில் குச்சி) தள்ளுங்கள். ஆணியால் குத்தினால் விளிம்பு போய்விடும். கழற்றிய பிட்டை மேசையில் உருள விடாதீர்கள். ஒருமுறை சிமெண்டுத் தரையில் விழுந்தாலே விளிம்பில் பல் விழும். நம் ஊர் ஈரக்காற்றில் துருவும் சீக்கிரம் பிடிக்கும். லேசாக எண்ணெய் தடவி வைத்து, மாட்டுமுன் துடைத்துவிடுங்கள்.

மழுங்கிவிட்டதா என்று பார்க்க விளக்கடியில் விளிம்பை மெல்லத் திருப்புங்கள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கைப்பிடியை வழக்கத்தைவிட அழுத்த வேண்டியிருந்தாலும், கீச்சென்ற சத்தமோ கருகல் வாடையோ வந்தாலும், அந்த வேலையை முடிக்கக் காத்திராமல் உடனே தீட்டக் கொண்டுவாருங்கள்.

இனி எங்கள் கடையில் ஆர்ட் பேப்பர் வேலை முடிந்ததும் பிட்டைத் தீட்டாமல் அடுத்த வேலை தொடங்காது. அடுக்கும் அரை ரீமைத் தாண்டாது. எஃகுப் பிட்டின் விலையும் ஏறியிருப்பதால் துளைக் கூலி அடுத்த மாதம் முதல் ரீமுக்கு 50 சென் கூடும். வேலை ஒரு நாள் தள்ளிக் கிடைக்கும்.

தைப்பூசக் காலத்திலும் பள்ளித் தவணைத் தொடக்கத்திலும் இரவு வரை காத்திருந்து வேலை வாங்கிப் போனவர்கள் நீங்கள். படம் சுற்றிய நாளிலும் நேரே கடைக்கு வந்து “என்ன ஆயிற்று?” என்று அக்கறையோடு கேட்ட தலைமையாசிரியர்களுக்கும், வழக்கம்போல ரசீதுப் புத்தக வேலையை எங்களிடமே கொடுத்த ஆலய நிர்வாகத்தினருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒட்டிய தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கட்டோடு கொண்டுவாருங்கள், விசிறிப் பிரித்து, ஓரம் தட்டிச் சீராக்கித் தருகிறோம். துளை விலகிய தாள்களை அதே எண்ணிக்கையில் புதிதாக அச்சடித்துத் தருகிறோம். இதற்குக் காசு வேண்டாம், ரசீதும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அச்சகத்தார்,
சுங்கை சிப்புட், பேராக்